கிரைண்டர் உடலில் விழுந்த விரிசல்: பொருள் தேர்வில் நான் கற்றவை

பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. டேப்பைக் கத்தியால் கீறி, தெர்மாகோலை உருவி, உள்ளே இருந்த டேபிள்டாப் கிரைண்டரைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தோம். அடிப்பக்கம் நான்கு ஸ்க்ரூ. அதில் மூன்றைச் சுற்றி பிளாஸ்டிக்கில் விரிசல். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் வெள்ளிக்கம்பிபோல ஒரு கோடு மின்னும். ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக, சின்னப் பிள்ளைகள் சூரியனுக்குக் கதிர் வரைகிற மாதிரி, நாலைந்து கோடுகள். அந்தக் கிரைண்டரில் ஒருவரும் ஒரு ஆழாக்கு அரிசிகூட அரைத்ததில்லை. குடோனை விட்டு அது வெளியே போகவே இல்லை.

அந்த உடலை வடிவமைத்தவன் நான். வரைபடத்தில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்று எழுதியவனும் நான்தான். கோவையில் வீட்டுச் சாமான்கள், பம்ப் பேனல்கள், சின்னச் சின்ன இயந்திரங்கள் என்று வடிவமைக்கும் வேலையில் அப்போது எனக்கு ஆறாவது வருடம். இப்போது பதினேழு ஆகிறது. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் பொருள் தேர்வு பற்றிக் கேட்டால் இந்தக் கிரைண்டரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நான் பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த முறை இதற்குப் பிறகு அடியோடு மாறியது.

அதற்கு முன் என் முறை எளிமையானது. பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் தரும் எண்களின் பட்டியலான டேட்டா ஷீட்டை எடுப்பேன். இழுவிசை வலிமை எவ்வளவு, எத்தனை டிகிரி வரை உருக்குலையாமல் இருக்கும், கிலோ என்ன விலை என்று மூன்று நான்கு பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஏபிஎஸ் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கியது. இழுவிசை வலிமை 40 மெகாபாஸ்கல் அளவில், 90 டிகிரி பக்கம் வரை வடிவம் மாறாது, கீழே போட்டாலும் சட்டென்று உடையாது, பளபளப்பு நன்றாக வரும். ஸ்க்ரூ எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று மடங்கு தாங்கும் என்று வந்தது. அப்புறம் விரிசல் எங்கிருந்து வரும்?

முதல் வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் கைகாட்டினோம். மோல்டிங் செய்தவர், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு என்கிற அச்சில் செலுத்தி உடலை எடுத்தவர், மெட்டீரியலைச் சரியாக உலர்த்தவில்லை, அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கலந்துவிட்டார் என்றேன் நான். மூலை கூராக இருக்கிறது, டிசைன் தப்பு என்றார் அவர். ஸ்க்ரூவின் அளவை எல்லாம் அளந்தோம். எல்லாம் சரி. கடைசியில் டூல் ரூமில் இருந்த மூத்த மாஸ்டர் ஒருவர்தான் சொன்னார்: “தம்பி, இங்க உக்காந்து பேசிப் பிரயோசனம் இல்லீங்க. ஸ்க்ரூ போடற எடத்துல போய் ஒரு நாள் நில்லுங்க.”

போய் நின்றேன். ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் வலதுபக்கம் ஒரு குட்டி பாட்டில் இருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் நுனியிலும் அதிலிருந்து நீல நிறத்தில் ஒரு சொட்டு வைத்து, அதன் பிறகுதான் ஓட்டையில் வைத்தார். ஸ்க்ரூ கழன்றுவிடாமல் இருக்க விடுகிற திரவம். மோட்டார் அதிர்வில் ஸ்க்ரூ தளர்கிறது என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. சூப்பர்வைசர் நல்ல எண்ணத்தில்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரும்பும் இரும்பும் சேரும் இடத்துக்கென்று செய்த திரவம் அது. ஏபிஎஸ்ஸுக்கு அது ஆகாது.

அன்று சாயங்காலமே ஒரு சோதனை செய்தோம். இதற்கு எந்த லேபும் தேவையில்லை, இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறேன். கிரைண்டர் உடலிலிருந்து விரல் அகலத்துக்குப் பட்டைகள் வெட்டினோம். ஒரு இரும்புக் குழாயின்மேல் ஒவ்வொன்றையும் வளைத்து இரண்டு முனையிலும் கம்பியால் கட்டினோம். ஒன்றை அப்படியே விட்டோம். ஒன்றின் முதுகில் அந்த நீலத் திரவம். மற்றவற்றில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நீலம் தடவியது இரண்டு துண்டாகக் கிடந்தது. மூன்றாம் நாள் தேங்காய் எண்ணெய்ப் பட்டையின் மேல்பக்கம் பனி படிந்த கண்ணாடிபோல மங்கலாகியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். ஒன்றும் தடவாத பட்டை வளைந்தபடி அப்படியே இருந்தது.

சூழல் அழுத்த விரிசல் என்று இதைச் சொல்வார்கள். திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுவதில்லை. ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற இடத்தில் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து, ஒன்றோடொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. இழுவிசை மட்டும் இருந்தால் தாங்கும். திரவம் மட்டும் பட்டாலும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால், டேட்டா ஷீட்டில் இருக்கும் வலிமையில் சிறு பங்குகூட இல்லாத விசையிலேயே விரிசல் விடும். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் போன்றவற்றுக்கு இது பெரிய பலவீனம். பாலிப்ரோப்பிலீன், நைலான் போன்றவை எண்ணெய் விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

உடனே எல்லாரும் கேட்டது, “அப்படியென்றால் பாலிப்ரோப்பிலீனுக்கு மாற்றிவிடலாமே?” முடியாது. மோல்டு ஏற்கெனவே ஏபிஎஸ்ஸுக்காக வெட்டியாகிவிட்டது. ஏபிஎஸ் குளிரும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். பாலிப்ரோப்பிலீன் ஒன்றரை சதவீதம் அல்லது அதற்கு மேலும் சுருங்கும். 300 மி.மீ. அகலத்தில் அந்த வித்தியாசமே 3 மி.மீ. வருகிறது. டிரம் அதில் உட்காராது. மோல்டு வெட்டின பிறகு பொருளை மாற்றுவது, பாதி வீடு கட்டின பிறகு அஸ்திவாரத்தை மாற்றுகிற மாதிரி. இதனால்தான் மோல்டுக்கு ஆர்டர் போகும் நாளைத்தான் பொருள் தேர்வின் கடைசி நாள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்லிவைக்கிறேன்.

நீலத் திரவத்தை நிறுத்தினோம். ஆனால் அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஸ்க்ரூவின் இறுக்கத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாளாக ஆக மெல்ல விட்டுக்கொடுக்கும். பிடி தளரும். அதிர்வு மிச்சத்தைச் செய்துவிடும். பிளாஸ்டிக்குக்கென்றே அகலமான மரை வெட்டிய ஸ்க்ரூ வாங்கினோம். கூம்புத் தலையை விட்டுவிட்டு, தட்டையான வாஷர் தலைக்கு மாறினோம். கூம்புத் தலை ஆப்பு மாதிரி ஓட்டையை விரித்துக்கொண்டே இருக்கும். மோல்டில் ஸ்க்ரூ ஓட்டையை உருவாக்கும் கோர் பின்னை 3 மி.மீ.யிலிருந்து 3.2 ஆக்கினோம். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஏபிஎஸ்ஸில் அதுதான் ஏற்ற அளவு. மோட்டாருக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்தோம். பொருள் அதே ஏபிஎஸ்தான், கிரேடை மட்டும் எண்ணெயை இன்னும் கொஞ்சம் தாங்குகிறதாக மாற்றினோம். விரிசல் நின்றது.

அந்த மாதம் ஊருக்குப் போனபோது என் அம்மாயியின் சமையலறையில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு ஈயச் சொம்பு. அதை அடுப்பில் வைக்கும் முன் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வைப்பார், ஏனென்றால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூட்டுக்குப் போகாது. வத்தக்குழம்புக்குக் கல்சட்டி. தோசைக்கு இரும்புக்கல். பித்தளை அண்டாவில் புளி சேர்ந்தால் களிம்பு ஏறும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் தெருவில் வரும்போது எடுத்துக் கொடுப்பார். எந்தப் பாத்திரம் வலிமையானது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எதில் என்ன ஊற்றப்போகிறோம், எவ்வளவு நேரம் வைத்திருக்கப்போகிறோம் என்பதுதான் அவருக்குக் கேள்வி. நான் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் இந்தக் கேள்விக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. அதைத் தேர்வுக்காகப் படித்துவிட்டுத் தாண்டியிருந்தேன்.

டேட்டா ஷீட்டை நான் குறை சொல்லவில்லை. அது எங்கே எடுத்த எண் என்று தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான பிளாஸ்டிக் எண்கள் 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், அளவாக மோல்டு செய்த சின்னப் பட்டையை இழுத்துப் பார்த்து எடுத்தவை. அந்தப் பட்டையில் ஸ்க்ரூ ஓட்டை கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவந்த பிளாஸ்டிக் ஒன்றுசேர்ந்த வெல்டு லைன் பெரும்பாலும் இருக்காது. எண்ணெய் கிடையாது. மே மாதம் கிடையாது.

நைலானில் இதை வேறு மாதிரி அனுபவித்தேன். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஒரு சின்ன வழிகாட்டி உருளைக்கு புஷ், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் வளையம், தேவைப்பட்டது. உராய்வுக்கு நைலான் 6 நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். கடைந்து, கச்சிதமாக இடைவெளி விட்டு, மாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் போன் வந்தது, உருளை சுற்ற மறுக்கிறது என்று. நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் எந்நேரமும் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். நைலான் அந்த ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டது. நடுத்தரமான ஈரக்காற்றில் நைலான் 6 தன் எடையில் இரண்டரை, மூன்று சதவீதம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரிலேயே ஊறினால் 9 சதவீதம் வரை போகும். அளவு மட்டும் மாறுவதில்லை. காய்ந்த நிலையில் அதன் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் குணம், 3 ஜிகாபாஸ்கல் என்றால், ஈரம் ஏறிய பிறகு அது 1 ஜிகாபாஸ்கல் பக்கம் வந்துவிடுகிறது. நல்ல டேட்டா ஷீட்டில் இரண்டு எண்களும் சாய்கோடு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான் முதல் எண்ணை மட்டும் படித்திருந்தேன். புஷ்ஷை அசிட்டலுக்கு மாற்றினேன், கடைக்காரர்கள் டெல்ரின் என்று சொல்வார்களே, அது. அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடலோரம் இன்னொரு பாடம். தூத்துக்குடியில் மீன் எடை போடும் மேசை ஒன்று. வரைபடத்தில் எஸ்எஸ் 304 என்று எழுதியிருந்தேன். எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை நம் எல்லாருக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது. இரண்டே மாதத்தில் மேசை முழுக்க டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை. மேலே ஒரு அலுமினியத் தகட்டை எவர்சில்வர் ஸ்க்ரூ வைத்துப் பூட்டியிருந்தோம். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டிக்கிடந்தது. விரலால் தொட்டால் அடியில் அலுமினியம் குழியாகப் போயிருந்தது.

இதில் இரண்டு தவறுகள் ஒன்றாகக் கிடந்தன. முதலாவது, வந்த தகடு 304 இல்லை. பட்டறையில் 202 தகட்டைப் போட்டிருந்தார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் 202-லும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த வகை அது, 304-இல் 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், அசல் 304 தகட்டையே வளைத்து அடித்தால் அந்த மடிப்பில் காந்தம் லேசாக இழுக்கும். ஆகவே காந்தத்தை வைத்து முடிவு செய்வது இரண்டு பக்கமும் ஏமாற்றும். தகட்டோடு ஆலைச் சான்றிதழ் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கலில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) தகட்டில் அச்சடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வழி. பெரிய ஆர்டர் என்றால் கையடக்க எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிமிட வேலை.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. கடல் காற்றுக்கு 304 போதாது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். அதிலும் சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டாம், வழவழப்பாக இருந்தால் உப்பு தங்க இடமில்லாமல் கழுவினால் போய்விடும். அலுமினியமும் எவர்சில்வரும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரிதான், கரைவது அலுமினியம். நைலான் வாஷரும் ஸ்லீவும் போட்டு இரண்டையும் தொடவிடாமல் பிரித்தோம். ஒரு வாஷரின் விலை என்ன, அது போடாததால் மாற்றிய தகட்டின் விலை என்ன என்று அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. கிணற்றடியில் வைக்கும் பம்ப் பேனல் பெட்டிக்கு எபாக்ஸி கலந்த பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) அடித்தால் சில மாதங்களில் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். வெளியில் நிற்பதற்குப் பாலியெஸ்டர் பவுடர் என்று கேட்டு அடிக்க வேண்டும். பவுடருக்கு முன், பூச்சு நன்றாகப் பிடிப்பதற்காகத் தகட்டுக்குக் கொடுக்கும் பாஸ்பேட் குளியல் ஒழுங்காக நடந்ததா என்று பட்டறையில் நின்று பாருங்கள். பெயர்ந்து வந்த கோட்டிங்கில் நான் பார்த்ததில் பாதி அங்கே அவசரப்பட்டதால் வந்தது. வெளியில் நிற்கும் பிளாஸ்டிக் கறுப்பாக இருந்தால் ஆயுள் அதிகம், கார்பன் கறுப்பு புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். மாடித் தண்ணீர்த் தொட்டிகளில் கறுப்பு அதிகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலிமையும் விறைப்பும் வேறு வேறு. இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் கையில் பட்டுத்தான் புரிந்தது. ஒரு இயந்திரத்தின் பக்கவாட்டு மூடி, 1 மி.மீ. இரும்புத் தகடு, தட்டினால் டபடபவென்று ஆடியது. வலிமையான இரும்பு வாங்கிப் போடலாம் என்று சொல்லிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். அதே ஆட்டம். எந்த இரும்பாக இருந்தாலும் அதன் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல் பக்கம்தான். சாதா இரும்போ உயர் வலிமை இரும்போ, ஒரே தடிமனில் ஒரே அளவுதான் வளையும். உயர் வலிமை இரும்பு வளைந்தபடியே நின்றுவிடாமல் திரும்பி வரும், அதுதான் வித்தியாசம். தகட்டில் குறுக்கே இரண்டு பள்ளம் அழுத்தி எடுத்ததும் ஆட்டம் நின்றது.

தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பல கணக்குகள் திறந்துகொள்ளும். அலுமினியத்தின் விறைப்பு 70, இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் 1 மி.மீ. இரும்புத் தகட்டுக்குச் சமமாக விறைக்க அலுமினியத்துக்கு மூன்று மடங்கு தடிமன் தேவையில்லை, 1.4 மி.மீ. போதும். எடை ஏறக்குறைய பாதி. அதே கணக்கில் ஏபிஎஸ்ஸுக்கு 4.5 மி.மீ. வருகிறது, அப்போதும் எடை இரும்பைவிடக் குறைவு. ஆனால் 4.5 மி.மீ. சுவரை மோல்டு செய்தால் குளிர நேரம் பிடிக்கும், மேலே குழி விழும். அதனால் இரண்டரை மி.மீ. சுவரும் அடியில் விலா எலும்புபோல ரிப்பும் வைக்கிறோம். ரிப்பின் தடிமன் சுவரில் 50, 60 சதவீதத்தைத் தாண்டினால் வெளிப்பக்கம் அந்த இடத்தில் கோடாகக் குழி தெரியும். இந்த மாதிரி யோசிப்பதை ஒழுங்குபடுத்தியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆஷ்பி. விறைப்பை ஒரு அச்சிலும் அடர்த்தியை இன்னொரு அச்சிலும் வைத்து, மரம், உலோகம், பிளாஸ்டிக், பீங்கான் எல்லாவற்றையும் ஒரே படத்தில் குமிழ் குமிழாகக் காட்டும் அவரது வரைபடங்களை என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பொருளைப் பற்றி யோசிக்கவே மறந்தோம் என்பதை அது காட்டிவிடும்.

விலை விஷயத்திலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கிலோவில் வாங்குகிறோம், மோல்டை நிரப்புவது கொள்ளளவு. 100 கன சென்டிமீட்டர் நிரம்ப பாலிப்ரோப்பிலீன் 91 கிராம் போதும், ஏபிஎஸ் 105, அசிட்டல் 141. கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, பீஸ் விலை ஏன் ஏறியது என்று வாங்கும் துறையில் முழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வந்திருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது இது. முதலில் தண்ணீரில் போடுவேன். கண்ணாடி இழையோ சுண்ணப் பொடியோ கலக்காத பாலிப்ரோப்பிலீனும் பாலித்தீனும் மிதக்கும். ஏபிஎஸ் மெதுவாக மூழ்கும், தண்ணீரில் உப்பைக் கைநிறையப் போட்டுக் கலக்கினால் அதுவும் மேலே வரும். நைலானும் கரைக்கும் உப்பைப் பொறுத்து மேலே வரலாம், அதனால் அடுத்து நெருப்பு. திறந்தவெளியில், இடுக்கியில் பிடித்து, ஒரு சின்னச் சீவல். பாலிப்ரோப்பிலீன் எரிந்து அணைந்ததும் மெழுகுவர்த்தி வாசனை வரும். ஏபிஎஸ் கருகருவென்று புகைந்து கரித்தூளைக் காற்றில் பறக்கவிடும். நைலானில் முடி கருகும் நாற்றம். பிவிசியையும் அசிட்டலையும் மட்டும் முகர்ந்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை மூக்கையும் தொண்டையையும் அரித்துவிடும். இது நூறு சதவீதம் உறுதியான சோதனை இல்லை. ஆனால் வேறு மெட்டீரியல் வந்திருக்கிறது என்பதை வாசலிலேயே இரண்டு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இப்போது நான் வரைபடத்தில் வெறுமனே ஏபிஎஸ் என்று எழுதுவதில்லை. அது அரிசி என்று எழுதிக் கடைக்குச் சீட்டுக் கொடுப்பது மாதிரி. பொன்னியா, பச்சரிசியா, இட்லி அரிசியா? எந்த நிறுவனத்தின் எந்த கிரேடு, எந்த நிறம், அரைத்த மெட்டீரியல் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம், மோல்டிங்குக்கு முன் எத்தனை மணி நேரம் உலர்த்த வேண்டும் என்று எழுதுகிறேன். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் போட்டு, இந்தப் பாகத்தைத் தொடப்போகிறவை என்று ஒரு பட்டியல். ஸ்க்ரூவில் இருக்கும் துருத்தடுப்பு எண்ணெய், ஸ்டிக்கரின் பசை, வயரின் பிவிசி உறை, துடைக்கப்போகும் திரவம், சமையலறையின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில் வரும். பிவிசி உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி ஏபிஎஸ்ஸை நாளடைவில் இளக்கிவிடும் என்பது அந்தக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அசெம்பிளி லைனில் இருப்பவர்களிடமும் அந்தக் கட்டத்தைக் காட்டி, இதில் இல்லாத எதையாவது நீங்கள் தடவுகிறீர்களா என்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று வருகிறது.

காலத்தை மறந்துவிடுவதும் நடக்கும். டென்மார்க்கின் லெகோ கட்டைகள் முதலில் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்யப்பட்டன. வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தன, நாளாக ஆக நெளிந்து ஒன்றோடொன்று பூட்ட மறுத்தன. 1963-இல் ஏபிஎஸ்ஸுக்கு மாறினார்கள். என் கிரைண்டரில் விரிசல் விட்ட அதே ஏபிஎஸ்தான், அங்கே சரியாகப் பொருந்தியது. அளவு மாறாமல் நிற்க வேண்டும், குழந்தை மிதித்தால் உடையக் கூடாது, ஸ்க்ரூ கிடையாது, இறுக்கிப் பூட்டி எண்ணெயில் விடப்போவதும் இல்லை. ஒரு பொருளை நல்லது கெட்டது என்று பெயர் வைத்து ஒதுக்குகிறவர்களிடம் நான் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு மாவுப் பாத்திரத்தின் மூடி. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கும் இங்கத்து மோட்டாருக்கும் பெயர் இருக்கிறது. மூடிக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை, மிஞ்சிய பணத்தில் ஏதோ ஒரு பிளாஸ்டிக்கைப் போட்டுவிடுகிறார்கள். இரவு முழுக்கப் புளிக்கும் மாவின் ஆவியும் அமிலமும் அதன்மேல்தான் படிகின்றன. அதனால் ஆபீஸ் ஜன்னல் திட்டில் ஆறு ஊறுகாய் ஜாடிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் மூன்று நாள் புளித்த மாவு, ஒன்றில் புளிக்கரைசல், ஒன்றில் மஞ்சள் கலந்த நல்லெண்ணெய், மற்றவற்றில் பாத்திரத் திரவம், உப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நான்கு வகைப் பிளாஸ்டிக் பட்டைகள், வளைத்துக் கட்டியவை, நைலான் நூலில் தொங்குகின்றன. மஞ்சள் ஜாடியில் இருந்த வெள்ளைப் பாலிப்ரோப்பிலீன் நேற்றே பொன்னிறமாகிவிட்டது. அதை மட்டும் எடுத்து வெயிலில் வைத்திருக்கிறேன், மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பதால் எவ்வளவு போகிறது என்று பார்க்க. மாவு ஜாடியை மாற்ற வேண்டிய நாள் நாளை. வீட்டிலிருந்து புது மாவு கொண்டுவர வேண்டும்.